உலகத்தில் ஒரே ஒரு தினோதா

உலகத்தில் தினோதா என்ற பெயரில் ஒருத்திதான் இருந்தாள். அவள் பிறந்த அன்று தினேசன் மருத்துவமனைக் கதிரையில் இருந்தபடியே அந்தப் பெயரைத் தன் போனில் தட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கட்டிலில் படுத்திருந்த மனைவி வினோதாவிடம் போனைத் திருப்பிக் காட்டினார்.

"பாரும் வினோ. ஒண்டுமே இல்லை. முழுப் பேரும் எங்கட பிள்ளைக்குத்தான்."

தினேசனில் பாதி, வினோதாவில் பாதி. சுவிஸில் பிறந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு இப்படித்தான் பெயர் அமைந்தது. தகப்பனின் பெயரிலிருந்து ஒரு துண்டு, தாயின் பெயரிலிருந்து ஒரு துண்டு. எந்த அகராதியிலும் இல்லாத, எந்தக் கடவுளுக்கும் சொந்தமில்லாத பெயர்கள். அவற்றில் பொருள் தேடிப் பயனில்லை. 'இவள் எங்கள் இருவருடைய பிள்ளை' என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. தஞ்சம் கேட்டு வந்து, தங்கள் பெயரை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுவதைப் பார்த்தபடி நின்றவர்களுக்கு, வேறு எவரிடமும் இல்லாத ஒரு பெயரை உண்டாக்கும் ஆசை வந்ததை விளங்கிக்கொள்ளலாம். அது நல்ல ஆசையா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

சூரிச்சுக்கு மேற்கே, ஷ்லீரனில், ரயில் பாதைக்குப் பின்னால் அவர்களுடைய வீடு. தினேசன் பார்சல்கள் பிரிக்கும் நிலையத்தில் வேலை. வினோதா முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை. அவளை எனக்கு நெடுநாளாகத் தெரியும். பெரிய திறமைசாலி என்று சொல்லமாட்டேன். எடுத்த வேலையை முடிக்கிறவள், கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவள். அந்த இரண்டாவது குணத்திலிருந்துதான் எண்ணெய்க் கதை தொடங்கியது.

மகளின் தலைக்காக அவள் வீட்டில் எண்ணெய் காய்ச்சுவாள். தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை, வெந்தயம், கரிசலாங்கண்ணி. தினோதாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. கோவிலில் அதைப் பார்த்த பெண்கள், "எங்களுக்கும் ஒரு போத்தல் தாரும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். லோசானில் இருக்கும் வினோதாவின் தமக்கை இராஜேஸ்வரி கேட்டாள். இராஜேஸ்வரியின் சிநேகிதிகள் கேட்டார்கள். குசினியில் போத்தல்கள் கூடின. தினேசனுடைய அக்காவின் மகன் சயன், விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "மாமி, இதை இணையத்தில போடுவம்" என்றான்.

பெயர் வேண்டும் என்றான். சும்மா பெயர் போதாது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்த உருண்டையான ஸ்பீக்கரைக் காட்டினான். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அந்தச் சாமானை அவன்தான் தினோதாவின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். வீட்டில் அதற்குப் 'பெட்டி' என்று பெயர்.

"ஆக்கள் இப்ப தட்டித் தேடுறது குறைவு மாமி. கையில மாவோட நிண்டுகொண்டு பெட்டியைக் கேக்கினம். போனில தேடினால் பத்துப் பதில் வரும். பெட்டி ஒண்டுதான் சொல்லும். அந்த ஒண்டு நாங்களா இருக்கோணும். அதுக்கு, வேற ஒருத்தரிட்டையும் இல்லாத பேர் வேணும்."

அன்று பின்னேரம் முழுவதும் அவர்கள் பெட்டியைக் கேள்வி கேட்டார்கள். லக்சுமி என்று கேட்டால் அது தெய்வத்தைச் சொல்லி, பிறகு ஒரு யோகா பள்ளியைச் சொன்னது. நிலா என்று கேட்டால் ஒரு சாப்பாட்டுக் கடையின் திறக்கும் நேரத்தைச் சொன்னது. வினோதாவின் பெயரையே கேட்டுப் பார்த்தார்கள். சென்னையில் ஒரு பல் வைத்தியரை அது சிபாரிசு செய்தது.

"நல்லது, எனக்குப் பல்லுக் கொதி எண்டு அதுக்கும் தெரிஞ்சிட்டுது," என்றாள் வினோதா.

அப்போது தினேசன், பாணில் ஜாம் பூசிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "எங்கட பிள்ளையின்ர பேர் கிடக்குது தானே?"

சயன் கேட்டான். பெட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தப் பெயரை முதல் தடவையே சரியாகப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று ஜெர்மன் மொழியில் மிகப் பணிவாகச் சொன்னது. சயன் மேசையில் அடித்தான். "இதுதான் மாமா! வெறும் காணி வளவு. நாங்கள்தான் முதல் வீடு கட்டப்போறம்."

வினோதா மட்டும் தயங்கினாள். "பிள்ளையின்ர பேரைப் போத்தல்ல ஒட்டுறதோ? முடிஞ்சாப் பிறகு ஆக்கள் குப்பையில எறிவினமே."

"கோயில் நோட்டீசையும் தானே எறியினம். சாமிக்கு என்ன நடந்தது?" என்றார் தினேசன். "எங்கட ஆக்கள் கடைக்குப் பிள்ளையின்ர பேர்தானே வைக்கிறது. நாங்கள் என்ன புதுசாவே செய்யிறம்?"

அவர் சொன்னது உண்மை. எங்கள் கடைகளின் பலகைகளை வாசித்தால், முதலாளிகளின் பிள்ளைகளுடைய பெயர்களை அறிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் சுபா, கீதா, வாணி. அந்தப் பெயரில் வேறு ஆயிரம் பேர் நடமாடினார்கள். கடை நொடித்துப் போனால் அந்தப் பெயர் கூட்டத்தில் கரைந்துவிடும். இங்கே கரைவதற்குக் கூட்டம் இல்லை. இதை அன்று அந்தக் குசினியில் எவரும் யோசிக்கவில்லை. தினோதா பாணைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

கொஞ்சக் காலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. லோசானிலிருந்தும் பாசலிலிருந்தும், ஜெர்மனியிலிருந்தும் கேட்டு எழுதினார்கள். வகுப்புச் சிநேகிதிகளிடம் தினோதா, "உங்கட வீட்டுப் பெட்டியை நான் ஆர் எண்டு கேளுங்கோ" என்று சொல்லிவைத்தாள். அவர்கள் கேட்டார்கள். 'தினோதா என்பது ஷ்லீரனில் தயாரிக்கப்படும் கூந்தல் எண்ணெய்' என்று பெட்டி சொன்னது. அடுத்த நாள் பாடசாலையில் அவளை எண்ணெய் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவள் அரசி போலத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டாள்.

பிறகு ஒரு தீபாவளிக் காலத்தில் ஓடர்கள் அளவுக்கு மீறி வந்தன. இலைகளை ஊறவைத்து அரைத்துக் காய்ச்ச வினோதாவுக்கு நேரமில்லை. இணையத்தில் ஒரு மூலிகைச் சாறு வாங்கினாள். பலமடங்கு செறிவாக்கப்பட்ட சாறு, துளிக்கணக்கில் சேர்க்க வேண்டியது. போத்தலில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவள் வாசிக்கவில்லை. மிளகாய்த்தூளைப் போடுகிற கையால், கைக்கணக்கில் ஊற்றினாள். அவள் வாழ்நாளில் எதையும் அளந்து சமைத்ததில்லை. எங்கள் வீடுகளில் அளந்து சமைக்கிறவளைச் சமைக்கத் தெரியாதவள் என்றுதான் சொல்வார்கள்.

பாசலில் கஜேந்தினி என்ற தாய் தன் சின்ன மகளின் தலையில் அந்த எண்ணெயைத் தேய்த்தாள். பிள்ளையின் தலையும் நெற்றியும் கொப்பளித்துவிட்டன. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. மருத்துவமனையில் வைத்திருந்து சுகப்படுத்தி அனுப்பினார்கள். உச்சியில் ஓரிடத்தில் நெடுநாள் முடி முளைக்கவில்லை. கஜேந்தினி முதலில் வினோதாவுக்குத்தான் போன் எடுத்துக் கதைத்தாள். அழுதாள், ஏசினாள். வினோதாவும் அழுதாள். பிறகு கஜேந்தினி, எந்தத் தாயும் செய்வதைச் செய்தாள். முறைப்பாடு கொடுத்தாள்.

பரிசோதகர்கள் வந்து போத்தல்களை எடுத்துப் போனார்கள். விற்பனை தடை செய்யப்பட்டது. பகிரங்க எச்சரிக்கை வெளியானது. ரயிலில் கொடுக்கிற இலவசப் பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் போட்டது, போத்தலின் படத்தோடு. படத்தில் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது தினோதா என்ற பெயர். அதில் பிழையாக ஒரு வரியும் இல்லை. நடந்ததைத்தான் எழுதியிருந்தார்கள்.

வெட்கத்திலும் பயத்திலும் வினோதா சயனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். கடைப் பக்கம், படங்கள், பெண்கள் எழுதிய நல்ல வார்த்தைகள், பின்னலைத் தூக்கிக் காட்டியபடி தினோதா நிற்கும் காணொளி. சயன் அழித்தான். அவர்களால் அழிக்கக்கூடியது அவர்களுடையது மட்டும்தான். மிச்சம் இருந்தது எச்சரிக்கையும் பத்திரிகைச் செய்தியும். வளவு மறுபடி வெறுமையானபோது, அதில் நின்ற ஒரே வீடு அதுதான்.

தினோதா அப்போது சின்னப் பிள்ளை இல்லை. பாசல் பிள்ளையின் படத்தைப் பார்த்தபின் அவள் அறையில் இருந்து, தோலைச் சுடும் பொருட்களைப் பற்றி வாசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சாற்றுப் போத்தலைக் கையில் கொண்டுவந்து தாயிடம் கேட்டாள்.

"அம்மா, இதில எத்தினை துளி எண்டு போட்டுக் கிடக்குது. ஏன் அளக்கேல்லை?"

வினோதா போத்தலை வாங்கி, அந்த வரியை அப்போதுதான் வாசித்தாள். 

அந்தக் கேள்விதான் மகளின் வாழ்க்கைக்கு ஒரு திசையைக் கொடுத்தது. மருந்தகத்தில் வேலை பழக வேண்டும் என்று முடிவெடுத்தாள். நிறுத்து, அளந்து, எழுதி, சரிபார்த்துக் கொடுக்கிற வேலை. இந்த நாட்டில் பதினைந்து, பதினாறு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வேலையிடத்தில் தொழில் பழகுவதற்கான இடம் தேட வேண்டும். லேர்ஸ்டெல்ல என்பார்கள். அது கிடைத்தால் ஓகஸ்டில் வாழ்க்கை தொடங்கும். கிடைக்காவிட்டால் தோழிகள் வேலைக்குப் போக, அவள் மட்டும் இடைக்கால வகுப்பில் இருப்பாள். வீட்டில் இதைத் தவிர வேறு கதை இல்லை.

அவளுடைய புள்ளிகள் நன்றாக இருந்தன. சூரிச் பக்கத்தில் ஒரு மருந்தகம் சில நாட்கள் வந்து வேலை பார்க்கக் கூப்பிட்டது. மருந்தாளர் ஃபிராவ் அம்மன், அதாவது திருமதி அம்மன், என்ற நடுவயதுப் பெண். நிதானமான மனுஷி, பிள்ளை மருந்துப் பெட்டிகளை அடுக்கும் விதத்தைப் பார்த்து, "உனக்குக் கை சுத்தம்" என்றாராம். தினோதா வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை இரண்டு மொழியிலும் சொல்லிக் காட்டினாள்.

கடைசி நாள் மதியம், பின்னறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பழகும் யானா என்ற பெண் நல்ல மனதோடுதான் கேட்டாள்: "உன்னுடைய பெயர் வடிவானது. அர்த்தம் என்ன?" அர்த்தம் இல்லை என்று தினோதா சொல்வதற்குள், யானா போனைத் தூக்கி அதன் குரலிடம் கேட்டுவிட்டாள். போன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னது. 'தினோதா ஒரு கூந்தல் எண்ணெய். இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். ஒரு குழந்தைக்குத் தோல் காயங்கள் ஏற்பட்டன.'

முதலில் சிரித்தார்கள். பிறகு யானா திரையைப் பார்த்தாள். ஷ்லீரன் என்று இருந்தது. அவளுடைய சிரிப்பு நின்றது.

"உனக்குத் தெரிந்தவர்களா?" என்று ஃபிராவ் அம்மன் மெல்லக் கேட்டார்.

"இல்லை," என்றாள் தினோதா. "தற்செயல்."

அவள் சொன்னது பொய். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கிற பெயருக்குத் தற்செயல் என்று ஒன்று வாய்க்காது. அதைச் சொல்லும்போதே அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி தாயிடம் நடந்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், தான் பொய் சொன்னதைத் தவிர. வினோதா அன்றிரவு படுத்தாளே தவிர நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்ததும், எவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்த மருந்தகத்துக்குப் போனாள். இருமல் மருந்து வாங்குகிறவர்களின் பின்னால் வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும், பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்த ஜெர்மன் வாக்கியங்களைச் சொன்னாள்.

"நான் தினோதாவின் அம்மா. எண்ணெய் என்னுடையது. பிழை என்னுடையது. பிள்ளை ஒன்றும் செய்யவில்லை."

ஃபிராவ் அம்மன் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் ஒரு கதிரை கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். "நீங்கள் வந்ததற்கு நன்றி" என்றார். பிறகு, "அவள் எங்களிடம் வேறு மாதிரிச் சொன்னாள்" என்றார்.

வினோதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பி வரும்போது ஷ்லீரனில் இறங்க மறந்து, கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போனாள்.

"நான் இல்லை எண்டு சொன்னனான்!" தினோதா கத்தினாள். "நீங்கள் போய் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறீங்கள்! ஆர் உங்களைப் போகச் சொன்னது?"

"நீ பொய் சொன்னது எனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"நீங்கள் ஒருக்காக் கேட்டிருக்கலாம். எப்பவும் கேக்காமல்தான் செய்யிறீங்கள். பேரையும் கேக்காமல்தான் எடுத்தீங்கள்."

"நீ கைதட்டினனி," என்றார் அறைக்குள்ளிருந்து தினேசன்.

"எனக்கு அப்ப பத்து வயசும் இல்லையப்பா!"

மறுப்பு மின்னஞ்சலில் வந்தது. 'இன்னும் கூடுதலாகப் பொருந்தும் ஒருவரைத் தெரிவு செய்துள்ளோம். உங்கள் எதிர்காலத்துக்கு நல்வாழ்த்துகள்.' அதன் பின் மற்ற மருந்தகங்களுக்கு எழுதினாள். மருத்துவர்களின் அலுவலகங்களுக்கு, அழகுசாதனக் கடைகளுக்கு, கண்ணாடிக் கடைக்கு. எல்லோரும் இதே வார்த்தைகளில் வாழ்த்தினார்கள். எவரும் காரணம் சொல்லவில்லை. இந்த நாட்டின் மரியாதையில் மிகக் கொடுமையான பகுதி இதுவென்று நினைக்கிறேன். காரணம் தெரியாதவர் எல்லாவற்றையும் காரணமாக நினைக்க வேண்டியிருக்கிறது. தினோதாவுக்கு ஒரு காரணம் கையோடு இருந்தது. பாடசாலையால் வந்ததும் அவள் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்பாள், "தினோதா யார்?" பெட்டி சொல்லும். அவள் அறைக்குள் போய்விடுவாள். வினோதா குசினியில் வெங்காயம் வெட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தார்கள். பொதுமக்களின் பாதுகாப்புக்கான செய்தி என்பதால் அகற்ற முடியாது என்று பதில் வந்தது. சயனைக் கேட்டார்கள். அவன் வந்து, கோப்பியையும் குடிக்காமல் இருந்தான்.

"பெட்டிக்குச் சொல்லிக் குடுக்கேலாது மாமி. அது ஆரையும் பழிவாங்கேல்லை. கேட்டால், அந்தப் பேரில இருக்கிறதைச் சொல்லுது. வேற நல்ல விசயம் இருந்தால் ஒருவேளை அதைச் சொல்லும்."

வினோதா இதைத் தமக்கையிடம் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். இராஜேஸ்வரி செயல்வீரி. அன்றே குடும்பக் குழுவில் குரல் பதிவு ஒன்றைப் போட்டாள். "எல்லாரும் கேளுங்கோ! எங்கட தினோதாப் பிள்ளையைப் பற்றிப் பெட்டி கூடாமல் கதைக்குதாம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதைத் திருத்தோணும். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நாளும் 'தினோதா நல்ல பிள்ளை' எண்டு பெட்டிக்குச் சொல்லுங்கோ. எழுதத் தெரிஞ்சாக்கள் எழுதுங்கோ!"

லோசானிலும் பாசலிலும், பாரிஸிலும் டொரொன்டோவிலும் சித்தப்பாமாரும் மச்சாள்மாரும் பெட்டியோடு கதைத்தார்கள். ஒன்றுவிட்ட அண்ணன்மார், அந்தச் செய்தியை முகநூலில் பகிர்ந்து, 'தினோதாவுக்கு நீதி வேண்டும்' என்று எழுதினார்கள். அதுவரை கேள்விப்படாதவர்களும் செய்தியைத் திறந்து வாசித்தார்கள். கஜேந்தினியும் பார்த்தாள். தன் மகளின் வடு தெரியும் படம் ஒன்றைப் போட்டு, 'என் பிள்ளைக்கு எப்போது நீதி?' என்று கேட்டாள்.  அந்தக் கிழமை பெட்டியின் பதில் நீண்டுவிட்டது. புதிதாக ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது: 'இது தொடர்பாக இணையத்தில் சர்ச்சை நிலவுகிறது.'

"அக்கா, நிப்பாட்டச் சொல்லு. உன்னைக் கும்பிட்டன், நிப்பாட்டச் சொல்லு," என்று வினோதா போனில் அழுதாள்.

"அன்பில தானேயடி செய்தது," என்றாள் இராஜேஸ்வரி. அதில் சந்தேகம் இல்லை.

நவம்பரில் தினோதா, பெயரை மாற்றப்போவதாகச் சொன்னாள். தக்க காரணம் இருந்தால் மாற்றலாம், பெற்றோர் இருவரும் சம்மதித்தால் விரைவில் முடியும் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

"என்ன பேர்?" என்று தினேசன் கேட்டார்.

"லாரா."

"லாராவோ? உன்ர வகுப்பிலயே ரெண்டு லாரா."

"அதுக்குத்தான் அப்பா."

தினேசன் எழும்பி யன்னலடிக்குப் போனார். "நான் போடமாட்டன் கையெழுத்து. அதில பாதி நான். எனக்கெண்டு இந்த நாட்டில கிடக்கிறது அந்தப் பாதிதான். ரயிலில போற குப்பைப் பேப்பருக்காக அதை வெட்டி எறியேலாது."

"நீங்கள்தானே போத்தல்ல ஒட்டச் சொன்னனீங்கள்," என்றாள் வினோதா. சத்தம் போடாமல் சொன்னாள். "நான் குப்பையில எறிவினம் எண்டு சொன்னனான். நீங்கள் சாமியைக் கொண்டுவந்து பகிடி விட்டீங்கள்."

"எண்ணெயை ஊத்தினது ஆர்? நானோ?"

"நான்தான். நான் இல்லையெண்டு சொன்னனானே? ஊத்தினது நான், ஒட்டினது நீங்கள். பிள்ளை என்ன செய்தது?"

அவர் ஒரு கிழமையாக ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும்போது, மேசையில் இருந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எப்போதும் போல முழுப் பெயரில், ஓர் எழுத்தும் சிதறாமல் போட்டிருந்தார்.

காரணத்தை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சயன் எழுதித் தருவதாகச் சொன்னான். வினோதா வேண்டாம் என்றாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துத் தானே எழுதினாள். 'நாங்கள் எங்கள் மகளின் பெயரை ஒரு பொருளுக்குக் கொடுத்தோம். அந்தப் பொருளை நான் கெடுத்தேன். இப்போது அந்தப் பெயர் என் மகளைக் கெடுக்கிறது.' நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எழுதியவற்றில் பிழையில்லாத ஜெர்மன் இதுவாகத்தான் இருக்கும். நான் வாசித்தேன். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச்சில் அனுமதி வந்தது. புதிய அடையாள அட்டையில் லாரா என்றிருந்தது. சான்றிதழ்களை மாற்றிக் கொடுத்தார்கள். வகுப்பில் மூன்றாவது லாரா ஆனாள். அவள் உடனே மறுபடி விண்ணப்பிக்கத் தொடங்கினாள். நல்ல இடங்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன, ஆனாலும் சில இருந்தன. தீற்றிக்கோனில் ஒரு மருந்தகம் அவளைக் கூப்பிட்டுச் சில நாட்கள் வைத்திருந்தது. அங்கே எவரும் பெயரின் அர்த்தத்தைக் கேட்கவில்லை. எவரும் போனை எடுக்கவில்லை. அவள் தெருவைக் கடக்கும்போது துள்ளிக் கடந்ததை வினோதா யன்னலால் பார்த்தாள்.

மே மாதத்தில் ஒரு பின்னேரம், மூன்று பேரும் குசினியில் இருந்தபோது மின்னஞ்சல் வந்தது. அவள் வாசித்தாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னவாம்?" என்றார் தினேசன்.

"கூடுதலாகப் பொருந்தும் ஒருவராம். எதிர்காலத்துக்கு வாழ்த்தாம்."

 அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. வினோதா எழும்பி அடுப்பைக் குறைத்தாள்.

"பார்த்தீங்களே," என்றாள் மகள். "லாராவுக்கும் இல்லை."

"அப்ப பேரில்லையோ காரணம்?" என்றார் தினேசன். அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். "அப்ப, நாங்கள் ஏன்…"

முடிக்கவில்லை. அந்தப் பெயர்தான் காரணமாக இருந்ததா, எப்போதாவது இருந்ததா, இல்லை குடும்பப் பெயரா, தோலின் நிறமா, பொய்யா, அல்லது உண்மையாகவே எங்கோ இன்னும் பொருத்தமான ஒரு பிள்ளை இருந்தாளா என்பதை இனி அறிய வழியில்லை. முன்பு அவர்களிடம் ஒரு துன்பமும் அதற்கொரு விளக்கமும் இருந்தன. பெயரோடு சேர்த்து விளக்கத்தையும் கைவிட்டார்கள். துன்பம் மட்டும் மேசையில் கிடந்தது.

வினோதா கரண்டியோடு திரும்பி, குளிர்சாதனப் பெட்டியின் மேலே பார்த்துத் தன் உடைந்த ஜெர்மனில் கேட்டாள். "லாரா யார்?"

பெட்டி ஒளிர்ந்தது. லாரா என்ற பெயரில் பலர் இருப்பதாகச் சொன்னது. ஒரு பாடகி, ஒரு டென்னிஸ் வீராங்கனை, பேர்னில் ஒரு தலைமுடி அலங்கார நிலையம். 'நீங்கள் எந்த லாராவைக் கேட்கிறீர்கள்?'

மகள் சிரித்தாள். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. அது கேட்க நன்றாக இருக்கவில்லை.

"விடுங்கோ அம்மா. அதுக்கு என்னைத் தெரியாது. இனி ஆரும் என்னைக் கண்டுபிடிக்கமாட்டினம்."

"வேலை தாறவையும் கண்டுபிடிக்கமாட்டினமே பிள்ளை," என்றாள் வினோதா.

மகள் எழும்பி, கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ஒளி அணைந்தது. இறங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓகஸ்டில் அவளுடைய தோழிகள் வேலைக்குப் போனார்கள். அவள் இடைக்கால வகுப்புக்குப் போனாள். இன்னும் விண்ணப்பிக்கிறாள். வீட்டில் இப்போது அவளை எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பழையது வாயில் வந்தால் தினேசன் பாதியில் நிறுத்திவிடுகிறார். புதியது அவருக்கு வருவதேயில்லை. போன கிழமை நான் அங்கே இருந்தபோது, சோறு ஆறிக்கொண்டிருந்தது. வினோதா சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள்.

"பிள்ளை," என்றாள். "சாப்பிட வா பிள்ளை."